இரண்டாவது பெல்ட்

அத்தியாயம் 6

"கதவைத் தொட்டீங்கன்னா நாயை அவிழ்த்து விட்டுடுவேன்" என்றார் பில்டர்.

நாய் ஏற்கெனவே அவிழ்ந்துதான் இருந்தது. போர்ட்டிகோ படியில் படுத்துக்கொண்டு எங்களைப் பார்த்துக் கொட்டாவி விட்டது. அந்த வீட்டில் எங்களை வெறுக்காத ஜீவன் அது ஒன்றுதான். இதை நான் வாய்விட்டுச் சொல்லியிருக்கக் கூடாது, சொல்லித் தொலைத்தேன். பில்டரின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. மேடம் என் காலை மிதித்தார்.

மேடம் என்றால் எனக்குச் சம்பளம் கொடுப்பவர். இருபத்திரண்டு வருடம் இன்ஷூரன்ஸ் சர்வேயராக இருந்து, இடிபட்ட வண்டிகளையும் இடிபட்டதாகச் சொல்லப்பட்ட வண்டிகளையும் பார்த்துப் பார்த்து மனித குலத்தின் மேலேயே நம்பிக்கை போன பிறகு துப்பறியும் தொழிலுக்கு வந்தவர். நான் உதவியாளன். எங்கே போனாலும் பின்னாலேயே வருவதால் எனக்கு 'வால்' என்று பெயர் வைத்திருக்கிறார். என் வாய்க்கும் அந்தப் பெயர் பொருந்துவதாகப் பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

விவகாரம் இதுதான். மூன்று வாரத்துக்கு முன், ஒரு ஞாயிறு விடியற்காலை, வேலை முடிந்து வீட்டுக்கு நடந்துகொண்டிருந்த வாட்ச்மேன் ஒருவரை ஒரு வண்டி அடித்துப் போட்டுவிட்டுப் போனது. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் அவர் இறந்துபோனார். அடித்த வண்டி நிற்காமல் இரண்டு தெரு தள்ளிப் போய்ப் பாலத்துச் சுவரில் முட்டி நின்றது. அது பில்டருடைய எஸ்யூவி. அவருடைய டிரைவர் அதை ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்துப் போகச் சொல்லி, வெளியூரில் இருந்த பில்டருக்குப் போன் செய்து, பாலத்தில் இடித்துவிட்டதாக மட்டும் சொன்னார். பத்து நாளில் வண்டி புதுசு போலத் திரும்பி வந்தது. மறுநாளே போலீசும் வந்தது. வாட்ச்மேன் விழுந்த இடத்தில் கிடைத்த கிரில் துண்டை வைத்துக்கொண்டு தேடிவந்திருந்தார்கள். அவர்கள் வாயைத் திறக்கும் முன்பே, "நான்தான் ஓட்டினேன், தனியாத்தான் போனேன்" என்று டிரைவர் ஒப்புக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அவர் மனைவி அதை நம்பவில்லை. ஓட்டியது முதலாளிதான், பழியைத் தன் புருஷன் தலையில் கட்டிவிட்டார்கள் என்று எங்களிடம் வந்தார். கல்லூரியில் படிக்கும் மகளையும் கூட அழைத்து வந்திருந்தார். எங்களையும் அவர் நம்பவில்லை. வேறு வழி இல்லாமல் வந்திருப்பதாக முகத்துக்கு நேராகவே சொன்னார்.

எனக்கும் பில்டர் மேல்தான் சந்தேகம். அந்த ஞாயிறு வெளியூரில் இருந்ததாகச் சொல்கிறார், சாட்சி யாரென்று கேட்டால் தன்னிடம் சம்பளம் வாங்கும் நான்கு பேரைக் காட்டுகிறார். பயந்துவிட்டார் என்று யாரும் பேசிவிடக் கூடாதே என்பதற்காக மட்டும் எங்களை உள்ளே விட்டிருந்தார். வண்டியை வெளியிலிருந்து பார்க்கலாம், உள்ளே ஏறக் கூடாது, ஐந்து நிமிடம்தான் என்று வாட்சைப் பார்த்தார்.

மேடம் இரண்டு நிமிடம்தான் எடுத்துக்கொண்டார். வண்டியின் முன்னால் குனிந்து, பானெட்டுக்கும் ஹெட்லைட்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியில் சுண்டுவிரல் நகத்தை வைத்து இழுத்தார். வலது பக்கம் நகம் நுழையவில்லை. இடது பக்கம் பாதி விரலே உள்ளே போயிற்று. பம்பரை விரலால் தட்டிப் பார்த்தார். நிமிர்ந்தார்.

"உங்க வண்டிக்கு எல்லாம் ஒரிஜினல் பார்ட்ஸ் போடச் சொன்னீங்களா?"

"பின்ன? நான் என்ன பழைய இரும்புக்கடையா வெச்சிருக்கேன்?"

"மூஞ்சி முழுக்க டூப்ளிகேட்" என்றார் மேடம்.

அடுத்த ஐந்து நிமிடம் பில்டர் பேசியதை அச்சில் போட முடியாது. ஒரு மனிதன் செத்ததைப் பற்றிப் பேசும்போது வராத கோபம், பம்பரைப் பற்றிக் கேட்டதும் வந்தது. எனக்கு அவரைப் பிடிக்காமல் போனதற்கு அதுவே போதும். உள்ளே போய் ஒர்க்‌ஷாப் பில்லைக் கொண்டுவந்து மேடத்தின் மேல் விட்டெறிந்தார். பம்பர், கிரில், இரண்டு ஹெட்லைட், பானெட், ரேடியேட்டர், இரண்டு ஏர்பேக், இரண்டு சீட் பெல்ட். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரிஜினல், ஒரிஜினல் என்று அச்சடித்திருந்தது. மேடத்தின் விரல் கடைசி வரியில் நின்றது. முன்சீட் பெல்ட், இடது.

பில்டர் மெக்கானிக்கைக் கூப்பிடப் போனை எடுத்தார். ஒரு மணி நேரம் பொறுக்க முடியுமா என்று மேடம் கேட்டுப் பார்த்தார். நீ யார் எனக்குச் சொல்ல என்று அவர் கத்தியதில் நாய்கூட எழுந்து உள்ளே போய்விட்டது. நாங்களும் கிளம்பினோம்.

மேடத்தின் ஸ்கூட்டரில் பின்னால் உட்காருவது உயிருக்கு உத்தரவாதம் இல்லாத வேலை. அதிலும் அன்று அவர் ஓட்டிய வேகத்தில் நான் பின்கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். சிக்னலில் நின்ற இடைவெளியில் அந்தக் கடைசி வரியில் என்ன இருக்கிறது என்று கேட்டேன்.

சுருக்கமாகச் சொன்னார். அந்த வண்டி பலமாக முட்டினால் முன்னால் இருக்கும் இரண்டு ஏர்பேக்கும் வெடிக்கும், ஆள் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. பெல்ட் அப்படி இல்லை. ஆள் உட்கார்ந்து மாட்டியிருந்தால்தான் அது சுருங்கி இழுத்துப் பிடிக்கும். ஒரு தடவை இழுத்த பெல்ட் பிறகு உதவாது, மாற்றியாக வேண்டும். ஸ்டியரிங் வலது பக்கம். தனியாகப் போன டிரைவரின் வண்டிக்கு இடது பெல்ட்டை ஏன் மாற்ற வேண்டும்?

பக்கத்து சீட்டில் ஏதாவது கனமான பை இருந்திருக்கலாமே என்றேன்.

"பை பெல்ட் போட்டுக்குமா, வால்?"

சரி, ஒப்புக்கொண்டேன். ஆனால் பில்லில் இருப்பதாலேயே பெல்ட்டை மாற்றியதாக ஆகிவிடுமா? பம்பரில் பொய் சொன்னவன் பெல்ட்டிலும் சொல்லியிருப்பானே. மாற்றாததை மாற்றியதாக எழுதி இருப்பானே. இதைக் கேட்டதும் மேடம் திரும்பி என்னைப் பார்த்தார். எனக்கு மூளை இருப்பது அவருக்கு எப்போதுமே கொஞ்சம் அதிர்ச்சிதான். அதற்காகத்தான் பில்டரின் போனுக்கு முன்னால் ஒர்க்‌ஷாப் போய்ச் சேர வேண்டும் என்றார். பச்சை விழுவதற்குள் வண்டி பறந்தது.

ஒர்க்‌ஷாப் ஒரு சந்தின் கடைசியில் இருந்தது. தகரக் கூரைக்குக் கீழே, முன்பக்கம் கழற்றிய மூன்று வண்டிகள் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. சுவரில் பம்பர்களைச் சட்டை மாதிரி வரிசையாக மாட்டியிருந்தார்கள். ஒரு வண்டிக்கு அடியிலிருந்து மெக்கானிக் வெளியே வந்தார். என் தோள் உயரம்தான் இருப்பார். கையில் இருந்த ஸ்பேனர் என் முழங்கை நீளம் இருந்தது.

"போலீஸா?"

"இல்ல" என்றார் மேடம்.

"அப்ப கிளம்புங்க."

மேஜை மேல் போன் அடித்தது. மெக்கானிக் எட்டிப் பார்த்தார், எடுக்கவில்லை. மேடம் பக்கத்தில் கிடந்த ஸ்டூலைத் துடைத்து உட்கார்ந்துகொண்டு, அழைப்பது பில்டர்தான் என்றும், இடது ஹெட்லைட் சந்தில் தன்னுடைய விரல் நுழைந்த கதையைச் சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்றும் நிதானமாகத் தெரிவித்தார். மெக்கானிக் ஸ்பேனரைக் கீழே வைத்தார். யோசித்துவிட்டு மறுபடி எடுத்துக்கொண்டார். நான் மேடத்துக்குப் பின்னால் நகர்ந்தேன். வால் இருக்க வேண்டிய இடம் அது.

உன் பம்பரும் பானெட்டும் எனக்கு வேண்டாம், நீ நிஜமாக எதை எதை மாட்டினாய் என்ற லிஸ்ட் வேண்டும் என்று மேடம் கேட்டார். அப்படி ஒன்றும் கிடையாது என்று அவர் சாதித்தார். பில்லில் இருப்பதுதான் லிஸ்ட், எல்லாம் ஒரிஜினல், வேண்டுமானால் கோர்ட்டுக்குப் போங்கள் என்று குரலை உயர்த்தினார்.

"டூப்ளிகேட் மாட்டறவன் குறிச்சு வெச்சுக்காம இருக்க முடியாதுப்பா" என்றார் மேடம். "அடுத்த தடவ வண்டி வரும்போது எது அசல் எது போலின்னு உனக்கே தெரியலன்னா மாட்டிக்குவியே. யோக்கியனுக்கு ஒரு லிஸ்ட் போதும். உனக்கு ரெண்டு வேணும்."

போன் மறுபடி அடித்தது. அடித்து ஓய்ந்தது. மூன்றாம் தடவை அடிக்கத் தொடங்கியபோது மெக்கானிக் வேண்டா வெறுப்பாக ஒரு டிராயரை இழுத்து, கிரீஸ் கறை படிந்த நோட்டை எடுத்து மேஜையில் போட்டார். எழுதிக்கொண்டு உடனே இடத்தைக் காலி செய்ய வேண்டும், இல்லாவிட்டால் பம்பரோடு பம்பராகச் சுவரில் மாட்டிவிடுவேன் என்றார். அதை என்னைப் பார்த்துச் சொன்னார்.

நோட்டில் ஒவ்வொரு பார்ட்டுக்கும் எதிரே ஓர் எழுத்து இருந்தது. 'ஒ' என்றால் ஒரிஜினல். 'டூ' என்றால் டூப்ளிகேட். 'க' என்றால் வேறு உடைந்த வண்டியிலிருந்து கழற்றியது. நான் ஒரு தாளில் வரிசையாக எழுதிக்கொண்டே வந்தேன். பம்பர் டூ. கிரில் டூ. வலது ஹெட்லைட் க. இடது ஹெட்லைட் டூ. பானெட் க. ரேடியேட்டர் டூ. இந்த ஆள் பெயின்ட்டையாவது பெயின்ட் டப்பாவிலிருந்து எடுத்தாரா என்று கேட்க நினைத்து, ஸ்பேனரைப் பார்த்து விட்டுவிட்டேன்.

அதற்குக் கீழே மூன்று வரிகள். இரண்டு ஏர்பேக், ஒ. வலது பெல்ட், ஒ. இடது பெல்ட், ஒ.

"இதுல மட்டும் ஏன் ஒரிஜினல்?" என்று கேட்டார் மேடம்.

மெக்கானிக் எங்களை முதல் தடவையாக நேராகப் பார்த்தார். "பம்பர் போலின்னா வண்டி அசிங்கமா இருக்கும். பெல்ட் போலின்னா ஆளு இருக்க மாட்டான். நான் திருடன்தான், ஒத்துக்கறேன். கொலைகாரன் இல்ல."

"இடது பெல்ட்டும் நிஜமாவே இழுத்திருந்துதா?"

"இழுக்காத பெல்ட்ட நான் எதுக்கு மாத்தறேன்? அதுவும் ஒரிஜினலா? பில்லுல எழுதியிருப்பேன், மாத்தியிருக்க மாட்டேன்."

மேடம் சிரித்தார். ஒரு யோக்கியன் சொல்லியிருந்தால் சந்தேகம் மிச்சம் இருந்திருக்கும், இது ஒரு திருடன் தன் கைக்காசைப் போட்டுச் சொன்ன உண்மை. அந்த வண்டியில் இரண்டு பேர் இருந்திருக்கிறார்கள். நான் அப்போதே மனசுக்குள் பில்டருக்கு விலங்கு மாட்டிவிட்டேன்.

ஆனால் மேடம் எழுந்திருக்கவில்லை. பாலத்திலிருந்து வண்டியை இழுத்துவர யார் போனது என்று விசாரித்தார். தானேதான் ரெக்கவரி வண்டியோடு போனதாக மெக்கானிக் சொன்னார். ஸ்டியரிங்கைப் பிடிக்க உள்ளே ஏறி உட்கார்ந்தபோது முழங்கால் போய் டாஷ்போர்டில் இடித்து வீங்கிவிட்டதாம், இன்னும் வலிக்கிறதாம். சீட்டை அத்தனை முன்னால் தள்ளி வைத்திருந்ததாம். எலெக்ட்ரிக் சீட், வண்டியில் கரண்ட் செத்துப் போனதால் பின்னால் நகர்த்தவும் முடியவில்லையாம்.

"நானே குள்ளன். எனக்கே இடிச்சுது" என்றார். பிறகு போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, பில்டர் கத்துவதைக் கண்ணை மூடிக் கேட்க ஆரம்பித்தார்.

சந்து முனையில் மேடம் ஸ்கூட்டரை நிறுத்தினார். நான்தான் ஆரம்பித்தேன். பில்டரை உடனே போலீசில் ஒப்படைக்கலாம் என்றேன். பில்டர் ஆறடி, வயிறு தனி, அந்த சீட்டில் அவரை உட்கார வைக்க வேண்டுமென்றால் ஸ்டியரிங்கைக் கழற்ற வேண்டும் என்றார் மேடம். எனக்கு எரிச்சலாக இருந்தது. ஒரு மனிதனை வெறுப்பதற்கு அவ்வளவு பாடுபட்ட பிறகு அவன் குற்றவாளி இல்லை என்று கேட்பது அநியாயம்.

டிரைவரும் நெட்டை ஆள்தான். அப்படியானால் அவர் உட்கார்ந்திருந்தது இடது சீட்டில். ஓட்டியது வேறு யாரோ, மெக்கானிக்கைவிடக் குள்ளமான யாரோ. பில்டரின் மனைவியா என்று கேட்டேன்.

"முதலாளி வீட்டு ஆளுக்காகப் பழி சுமந்திருந்தா, பொண்டாட்டிகிட்ட காதோட காதா ஒரு வார்த்தை சொல்லியிருப்பான். இவன் ஜெயிலுக்குப் பார்க்கப் போனவகிட்டகூட தனியாத்தான் போனேன்னு சத்தியம் பண்ணியிருக்கான். பொண்டாட்டிகிட்டயே மறைக்கற அளவுக்கு அது யாரு?"

"சின்ன வீடா?"

"சின்ன வீடு இல்ல, வால். சொந்த வீடு."

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. புரிந்ததும் சிரிப்பு, எரிச்சல் எல்லாம் வடிந்துவிட்டது. அந்த வீட்டில் மூன்று பேர். ஒருவர் உள்ளே இருக்கிறார். ஒருவர் எங்களை வேலைக்கு வைத்திருக்கிறார். கேஸை இப்படியே விட்டுவிடலாம், ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை என்று சொல்லிவிடலாம் என்று கெஞ்சினேன். நிஜமாகவே கெஞ்சினேன். செத்தவருக்கும் ஒரு வீடு இருக்கிறது என்று சொல்லிவிட்டு மேடம் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார்.

டிரைவரின் வீடு இரண்டாவது மாடியில் ஒற்றை அறை. ஜன்னலோரம் இஸ்திரி மேஜை. ஒரு லாட்ஜின் படுக்கை விரிப்புகளை அவர் மனைவி வாங்கி வந்து தேய்த்துக் கொடுப்பார். மலையாகக் குவிந்திருந்த துணிகளுக்குப் பக்கத்தில் மகள் தரையில் உட்கார்ந்து தலையணை உறைகளை மடித்துக்கொண்டிருந்தாள். பத்தொன்பது வயது. எழுந்து நின்றாலும் அந்த மேஜைக்கு மேல் பெரிதாக உயரமாட்டாள்.

"ஏதாவது கிடைச்சுதா, இல்ல இன்னும் ஊர் சுத்திக்கிட்டுதான் இருக்கீங்களா?" அம்மா இஸ்திரிப் பெட்டியால் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

மேடம் நான் எழுதிய தாளை மேஜையில் வைத்தார். மெக்கானிக்கின் மூன்று எழுத்துகளையும் விளக்கினார். இடது பெல்ட்டைப் பற்றிச் சொன்னார். வண்டியில் இரண்டு பேர் இருந்தார்கள் என்பதோடு நிறுத்திக்கொண்டார். சீட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசும்போது அம்மாவைப் பார்க்கவும் இல்லை.

அம்மா பிளக்கைப் பிடுங்கினார். பத்து நாளாக இறுகிக் கிடந்த அந்த முகம் அப்படி மலர்ந்ததைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. "நான் சொல்லல? எங்க வீட்டுக்காரர் அந்த வண்டியிலயே இல்ல. முதலாளியும் அவரு வீட்டம்மாவும்தான் போயிருக்காங்க. ரெண்டு பெல்ட்டு, ரெண்டு பேரு. கணக்கு சரியா இருக்கு பாருங்க." புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு ஸ்டேஷனுக்குக் கிளம்பத் தயாரானார்.

"அப்பா இருந்தாரும்மா" என்றாள் மகள். "இடது பக்கம்."

"உனக்கு என்னடி தெரியும்? நீதான் அன்னிக்கு விடியறதுக்கு முன்னாடியே சிநேகிதி வீட்டுக்குப் படிக்கப்…"

பாதியில் நிறுத்தி, மகளைத் திரும்பிப் பார்த்தார்.

மகள் மடித்த உறையைக் கீழே வைத்துவிட்டு, தலை நிமிராமல் சொல்லி முடித்தாள். முதலாளி ஊரில் இல்லாத ஞாயிறுகளில் அப்பா வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தது. அன்று நான்காவது ஞாயிறு. திருப்பத்தில் அந்த மனிதர் வந்ததும் பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலரேட்டரை அழுத்தியது. அப்பா கத்தக் கத்த, கேட்காமல் இன்னும் வேகமாகப் போய்ப் பாலத்தில் முட்டியது. அப்பா தன்னை முதல் பஸ்ஸில் ஏற்றிவிட்டுச் சொன்னது ஒன்றே ஒன்றுதானாம், நீ இந்த வண்டியில் ஏறவே இல்லை, அம்மாவுக்குக்கூடத் தெரியக் கூடாது.

அம்மா மேஜைக்குத் திரும்பி வந்தார். பிறகு தாளை எடுத்து இரண்டாகக் கிழித்தார். நான்காகக் கிழித்தார். எட்டாகவும் கிழித்தார்.

"அது டூப்ளிகேட்தான்மா" என்றார் மேடம் மெதுவாக. "ஒரிஜினல் ஒர்க்‌ஷாப்ல இருக்கு."

அம்மாவின் கண்ணில் இருந்த வெறுப்பைப் போல நான் பார்த்ததில்லை. பில்டரும் மெக்கானிக்கும் காட்டியதெல்லாம் அதற்கு முன் ஒன்றுமே இல்லை. அது எங்களுக்கு உரியது என்றுதான் எனக்கும் பட்டது. அந்த நிமிடம் எனக்கே மேடத்தைப் பிடிக்கவில்லை.

"அவரே ஒத்துக்கிட்டாரு. போலீஸும் நம்பியாச்சு. ஓட்டினது எங்க வீட்டுக்காரர்தான், தனியாத்தான் போனாரு. கேஸ் முடிஞ்சுது, நீங்க போங்க."

காலை வரைக்கும் அந்த மனிதரை வெளியே கொண்டுவரச் சொல்லி எங்களை வறுத்தெடுத்த அதே குரல். மேடம் பதில் வாதம் செய்யவில்லை. வாட்ச்மேனின் மனைவி தினமும் ஸ்டேஷனுக்கு வந்து, அவரை அடித்தவர்கள் நின்று தூக்கியிருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்டுவிட்டுப் போகிறார் என்றார். தானாகப் போய்ச் சொல்வதற்கும் பிடித்துக்கொண்டு போவதற்கும் வித்தியாசம் இருக்கிறது, அதற்காகத்தான் நேராக இங்கே வந்தேன் என்றார். அதை அவர் மகளிடம் சொன்னார்.

மகள் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டாள். அம்மா ஒரே எட்டில் கதவுக்கு முன்னால் போய், தாழ்ப்பாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அவரு உள்ள இருக்கட்டும்டி. அவரு தாங்குவாரு. நீ உக்காரு."

"என்னால தூங்க முடியலம்மா."

அம்மா நகரவில்லை. மகள் பக்கத்தில் போய், அந்த விரல்களை ஒவ்வொன்றாகத் தாழ்ப்பாளிலிருந்து பிரிக்க ஆரம்பித்தாள். அவசரப்படவில்லை, இழுக்கவில்லை. ஒரு கை விட்டது. மறுகையில் நான்கு விரலை அவள் பிரித்தாள். கடைசி விரலை அம்மாவே எடுத்துக்கொண்டார்.